லினக்ஸ் போடுவதற்கு முந்தைய அரை மணி நேரம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, என் கணினி ரிப்பேர் கடையைச் சாத்துகிற நேரம். ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒரு தம்பி லேப்டாப்பைக் கட்டிப்பிடித்தபடி வந்தான். இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். விண்டோஸ் மாதிரியே கணினியை ஓட்டும் இலவச மென்பொருளான லினக்ஸை அதில் போட்டிருக்கிறான். "அண்ணா, லினக்ஸ் நல்லா ஓடுது. விண்டோஸைத்தான் காணோம்" என்றான். விண்டோஸோடு அவன் அக்காவின் கல்யாண ஃபோட்டோக்களும் போயிருந்தன. இன்ஸ்டால் செய்யும்போது 'விண்டோஸுக்குப் பக்கத்தில் போடு' என்ற வாய்ப்பே திரையில் வரவில்லையாம். வந்ததை அமுக்கியிருக்கிறான். வந்தது 'டிஸ்க்கை அழித்துவிட்டுப் போடு'.

பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் தோண்டித் துழாவிக் கொஞ்சமாவது எடுத்திருப்பேன். இவனுடையது எஸ்எஸ்டி, சுழலும் தட்டு இல்லாத புது வகை டிஸ்க். அதில் டிரிம் என்று ஒரு வேலை நடக்கும். அழித்த இடத்தை டிரைவே துடைத்து வைத்துவிடும்.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பன்னிரண்டு வருடமாக இதே பிழைப்பு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்த பிறகு இப்படி வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் ப்ராசசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். ஏழாம் தலைமுறை ஐ5 ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கும்போது யாருக்குத் தூக்கிப்போட மனசு வரும்? லினக்ஸ் போட்டுப் பாருங்கள் என்று நானே சொல்கிறேன். கடைக் கணக்கு எழுதும் டேலிக்கு விண்டோஸ் வேண்டும் என்பதால் அதுவும் இருக்கட்டும் என்கிறார்கள். நியாயம்தான்.

முதலில் எதையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் மின்ட் அல்லது உபுண்டு என்ற லினக்ஸ் வகையை ஏற்றி, அதிலிருந்தே கணினியைக் கிளப்பலாம். (பென் டிரைவில் இருப்பது அழிந்துவிடும், அதிலும் ஃபோட்டோ வைத்திருக்காதீர்கள்.) உள்ளே இருக்கும் டிஸ்க்கை நீங்களாகத் தொடாதவரை அதற்கு ஒன்றும் ஆகாது. கொஞ்சம் மெதுவாக ஓடும். வைஃபை, சத்தம், கேமரா, பிரிண்டர், தமிழ் டைப்பிங் எல்லாவற்றையும் ஒரு வாரம் பாருங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே ஆசை தீர்ந்துவிடும்.

சரி, போட்டே ஆக வேண்டுமா? அப்படியானால் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரைப் பாருங்கள். அந்தத் தம்பிக்கு ஆப்பு வைத்தது இதுதான். மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டுத் தொடங்கிய புது லேப்டாப்புகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும், சொந்தக்காரருக்கே தெரியாது. பூட்டிய பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கின் அந்தப் பகுதியை, லினக்ஸ் இன்ஸ்டாலரால் சுருக்க முடியாது. பக்கத்தில் போடும் வாய்ப்பு அதனாலேயே வராமல் போகும். இன்னொரு கூத்தும் உண்டு. யூடியூப் பார்த்து, கணினி கிளம்பும்போது வரும் பயாஸ் அமைப்பில் 'செக்யூர் பூட்' (நம்பகமான மென்பொருளை மட்டும் கிளம்பவிடும் வசதி) என்பதை மாற்றுவார்கள். அடுத்த முறை ஆன் செய்தால் நீலத் திரை வந்து 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கும். அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கு எங்கே? அல்சூரில் தையல் கடை வைத்திருக்கும் ஓர் அக்காவிடம் கேட்டேன். "வாங்குறப்ப கடைக்காரப் பையன்தான் ஏதோ மெயில் போட்டுக் குடுத்தான்" என்றார். அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறானோ! முதல் வேலையாக அந்தக் கீயைக் காகிதத்தில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் வையுங்கள். அதே லேப்டாப்பில் சேமிப்பது பீரோ சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டுவது மாதிரி.

அப்புறம், கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுங்கள். எடுத்ததை வேறொரு கணினியில் திறந்தும் பாருங்கள். பிட்லாக்கரை அணைத்து, டிஸ்க் முழுவதும் பூட்டு கழன்றதா என்று பார்த்த பிறகே, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலிருந்து சி டிரைவைச் சுருக்கி லினக்ஸுக்கு ஐம்பது ஜிபி ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் நிறுத்த வேண்டும். அது இருந்தால் ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் அரைத் தூக்கத்தில்தான் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து சி டிரைவில் எழுதப்போனால் கோப்புகள் கெடலாம். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பும்போது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போயிருந்தால் பதற வேண்டாம். இரண்டும் மதர்போர்டு கடிகாரத்தை வேறு வேறு கணக்கில் படிக்கின்றன, அவ்வளவுதான்.

என் வழி வேறு. இரண்டாவது எஸ்எஸ்டிக்கு இடமிருந்தால் பழையதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, புதியதில் மட்டும் லினக்ஸ் போடுவேன். கையில் இல்லாத டிஸ்க்கைத் தவறுதலாக அழிக்க முடியாதே! இதுவும் முழுக் கவசமில்லை. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், செக்யூர் பூட் போட்டிருந்த, விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருந்த சில கணினிகளில் லினக்ஸைக் கிளம்பவிடாமல் செய்தது. அதற்குத் தனி டிஸ்க்கும் உதவாது.

ஆபீஸ் லேப்டாப்பில் மட்டும் கை வைக்காதீர்கள். கீ கம்பெனியிடம் இருக்கும், போவது உங்கள் வேலை.

தம்பிக்கு விண்டோஸ் திரும்பி வந்துவிட்டது. உரிமம் மதர்போர்டோடு ஒட்டியிருந்ததால் அதற்குக் காசில்லை. ஃபோட்டோக்களில் கொஞ்சம் சேலத்துச் சித்தியின் வாட்ஸ்அப்பில் மங்கலாக இருக்கின்றனவாம். "லினக்ஸை எடுத்துடவா?" என்று கேட்டேன்.

"வேணாம்ணா, அது இருக்கட்டும்" என்றான்.