ரேஞ்சர் பள்ளி முடித்தவரும் ரேஞ்சர் படையில் இருந்தவரும்

அமெரிக்க ராணுவத்திலிருந்து வெளியே வருபவர்களைப் பாதுகாப்புப் பணிகளுக்குத் தேர்ந்தெடுப்பது என் வேலை. விண்ணப்பத்தில் ‘ரேஞ்சர்’ என்ற சொல் கண்ணில் பட்டதும் பலர் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை. தப்பு அங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் அந்தச் சொல் இரண்டு வேறு விஷயங்களைக் குறிக்கிறது.

ஒன்று ரேஞ்சர் பள்ளி. 1950 முதல் நடக்கிறது. ஜார்ஜியாவின் ஃபோர்ட் பென்னிங்கில் ஆரம்பித்து, மலைப்பகுதிக்குப் போய், ஃப்ளோரிடா சதுப்பு நிலத்தில் முடியும் சுமார் 62 நாள் பயிற்சி. தூக்கமும் சாப்பாடும் பாதிகூடக் கிடைக்காத நிலையில் ஒருவர் மற்றவர்களை வழிநடத்துகிறாரா என்று பார்ப்பார்கள். கூட இருப்பவர்களும் மதிப்பிடுவார்கள். 1995 பிப்ரவரியில் சதுப்பு நீரின் குளிரில் உடல் விறைத்து நான்கு பேர் இறந்துபோனார்கள். அதனால் அந்தப் பயிற்சியை யாரும் லேசாகப் பேசக் கூடாது. ஆனால் முடித்தவர் தோளில் ‘டேப்’ எனப்படும் சின்ன வளைந்த பட்டையைத் தைத்துக்கொண்டு தன் பழைய பிரிவுக்கே திரும்பிப் போகிறார்.

இன்னொன்று 75வது ரேஞ்சர் ரெஜிமென்ட். சிறப்பு நடவடிக்கைகளுக்கான காலாட்படை. இதில் சேர எட்டு வாரத் தேர்வு தனியாக உண்டு. தேறியவர் அணிவது ‘ஸ்க்ரோல்’ என்ற வேறு சின்னம். உள்ளே வந்தபின்னும் தரம் குறைந்தால் எந்த நாளிலும் வெளியே அனுப்பிவிடலாம். அங்கே தலைமைப் பொறுப்புக்கு டேப்பும் வேண்டும். ஆனால் இளம் வீரர்கள் பள்ளிக்குப் போகும் முன்பே போர்க்களம் பார்த்துவிடுவது உண்டு.

2015 ஆகஸ்டில் கிறிஸ்டன் கிரீஸ்ட், ஷே ஹேவர் இருவரும் பள்ளியை முடித்த முதல் பெண்கள் ஆனார்கள். ஒருவர் ராணுவக் காவல் அதிகாரி, மற்றவர் அப்பாச்சி ஹெலிகாப்டர் விமானி. ஆண்களுக்கு வைத்த அதே அளவுகோலில் டேப் வாங்கினார்கள். அன்றைய விதிப்படி ரெஜிமென்ட்டில் சேர மட்டும் அவர்களுக்கு வழியில்லை. இரண்டும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

ஒருமுறை இரண்டு கோப்புகள் ஒன்றாக வந்தன. டேப் உள்ளவர் சரக்குப் போக்குவரத்துப் பிரிவின் அதிகாரி, நல்ல நிர்வாகி. ஆனால் அவரை அதிரடிப்படைக்காரர் என்று நினைத்து முதலிடத்தில் வைத்திருந்தார்கள். மற்றவர் ரெஜிமென்ட்டின் இரண்டாவது பட்டாலியனில் நான்கு வருடம் இருந்தவர், இரண்டு முறை ஆப்கானிஸ்தான் போய் வந்தவர். அவர் கோப்பின் மேல் பென்சிலில் ‘ரேஞ்சர் பயிற்சி இல்லை’ என்று எழுதி ஒதுக்கியிருந்தார்கள். எனக்கு மனசே ஆறவில்லை.

ஆள் எடுப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பணிவிலகல் சான்றான டிடி 214 படிவத்தை வாங்கிப் பாருங்கள். 14வது கட்டத்தில் படித்த பயிற்சிகள் இருக்கும். கடைசியாக எந்தப் பிரிவில் பணியாற்றினார் என்பது 8வது கட்டத்தில் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். அப்புறம் ‘எவ்வளவு கஷ்டப்பட்டீர்கள்?’ என்று கேட்காமல், சாதாரண வேலை நாள் எப்படிப் போகும் என்று கேளுங்கள்.

ஒதுக்கப்பட்டவரை நேரில் வரச்சொல்லி அதைத்தான் கேட்டேன். சாகசம் எதுவும் சொல்லவில்லை. ரத்தப்போக்கை நிறுத்தும் கட்டுப்பட்டையைப் பற்றியே பத்து நிமிடம் பேசினார். மருத்துவ உதவியாளர் மட்டுமல்ல, ரெஜிமென்ட்டில் எல்லோரும் அதைப் போடப் பழகியிருக்க வேண்டும். 2001 முதல் 2010 வரை ரெஜிமென்ட்டில் 419 பேர் போரில் காயப்பட்டு 32 பேர் இறந்தார்கள். மருத்துவமனை சேரும் முன் காப்பாற்றியிருக்கக்கூடிய சாவு ஒன்றுகூட அதில் இல்லை என்று ஆய்வு வெளியாகியிருக்கிறது.

“குழுவில் எல்லோரும் கட்டுப்பட்டையை ஒரே இடத்தில்தான் மாட்டியிருப்போம் சார்,” என்றார், இடது மார்புப் பக்கம் தொட்டுக் காட்டி. “இருட்டில் பக்கத்தில் இருப்பவன் கை தேடக் கூடாது இல்லையா?”