சம்பளக் கட்டம் காலியாக வந்தால் என்ன செய்வது?

திருப்பூரில் பனியன் தொழிலாளர்களிடம் கணக்கெடுத்தால் வயது, ஊர், எந்த மெஷின் என்பதற்கெல்லாம் பதில் வந்துவிடும். "வாரக் கூலி எவ்வளவுங்க?" என்ற கட்டம்தான் காலியாக நிற்கும். அந்தப் படிவங்களை ஒதுக்கிவிட்டு மீதிக்குச் சராசரி எடுப்பது பரவலான பழக்கம். காலியிடத்தில் சராசரியையே நிரப்புவது இன்னும் மோசம். கூலியின் ஏற்றத்தாழ்வு சுருங்கி, இல்லாத துல்லியம் இருப்பதுபோல் தெரியும்.

ஏன் காலி என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின் 1976-ல் இதற்கு அடித்தளம் போட்டார். படிவம் மழையில் நனைந்தது தற்செயல். பீஸ் ரேட்காரர்கள் (செய்த உருப்படிக்குக் கூலி வாங்குபவர்கள்) அதிகமாகப் பதில் சொல்லாமல் விட்டால், யார் பீஸ் ரேட், யார் ஷிப்ட் சம்பளம் என்ற விவரம் கையில் இருந்தால் சமாளிக்கலாம். கூலி அதிகம் என்பதாலேயே ஒருவர் மறைத்தால் அதுதான் சிக்கல். ஆகவே களத்திலேயே 'மறுத்தார்', 'தெரியாது', 'கேட்கவில்லை' என்று தனித்தனிக் குறியீடு போடுங்கள். காலி என்பதற்கு அடையாளமாக 9999 என்று குறித்ததை நீக்க மறந்தால் மென்பொருள் அதை ரூபாயாகவே கூட்டிவிடும்.

முன் அனுமானத்தையும் தரவையும் சேர்த்து மதிப்பிடும் பேய்சியன் முறையில் விடுபட்ட கூலியும் மதிப்பிட வேண்டிய ஓர் அளவுதான். கூலியின் லாகரிதத்தை எடுத்து, வேலை ஓவர்லாக்கா பேட்லாக்கா (இரண்டும் தையல் மெஷின்கள்) செக்கிங்கா, அனுபவம் எவ்வளவு, ஓவர்டைம் உண்டா, எந்தக் கூலி முறை என்பவற்றோடு மாடல் அமையுங்கள். கூலிக்கும் கடனுக்கும் உள்ள தொடர்பை ஆராயப் போகிறீர்கள் என்றால் கடனும் இந்த மாடலில் இருக்க வேண்டும். விட்டால் அந்தத் தொடர்பு பலவீனமாகத் தெரியும். முன் அனுமானத்துக்கு, அதாவது தரவைப் பார்க்குமுன் கூலி பற்றி நாம் வைக்கும் கணிப்புக்கு, மையம் 4,500 ரூபாய், லாக் அளவில் திட்ட விலக்கம் (பரவலின் அளவு) 0.75 என்று வைத்தால், 95 சதவீதக் கூலி ஏறக்குறைய 1,000 முதல் 20,000 வரை விழும். தரவைத் தொடுமுன் இதிலிருந்து மட்டும் கூலிகளை உருவாக்கிப் பாருங்கள். நடக்காத தொகைகள் வந்தால் அனுமானத்தைத் திருத்துங்கள்.

கணினியில் மாடலை நான்கு சங்கிலிகளாக (தனித்தனியே மாதிரி எடுக்கும் ஓட்டங்கள்) ஓடவிட்டு, அவை ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் ஆர்-ஹேட் எண் 1.01-க்குக் கீழே வந்தபின், காலியிடம் நிரப்பிய 20 முழுத் தொகுப்புகள் எடுக்கலாம். ஒவ்வொன்றிலும் சராசரி கண்டு, அவற்றின் சராசரியே மதிப்பீடு. பிழையைக் கணக்கிடும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். தொகுப்புக்குள் சராசரியின் மாறுபாடு (திட்டப்பிழையின் வர்க்கம்) 2,500, தொகுப்புகளின் சராசரிகளுக்கிடையே 1,600 என்று வைத்துக்கொள்வோம். 20 தொகுப்புகள் என்பதால் 1 + 1/20 = 1.05 என்று பெருக்க வேண்டும்; மொத்தம் 2,500 + 1.05 × 1,600 = 4,180. இதன் வர்க்கமூலம்தான் திட்டப்பிழை: 50 அல்ல, சுமார் 65 ரூபாய். காலிக் கட்டங்களால் கூடிய அந்த 15 ரூபாயை மறைப்பது நேர்மையல்ல.

கடைசியாக, மறுத்தவர்களின் உண்மைக் கூலி மாடல் ஊகித்ததைவிடக் கூடவோ குறையவோ இருந்தால் என்னாகும் என்று பார்க்க, அவர்களின் நிரப்பிய கூலியை மட்டும் 0.9, 1.1, 1.2 என்று பெருக்கி மறுபடி ஓட்டுங்கள். எந்த எண்ணில் முடிவு மாறுகிறதோ, அதை அறிக்கையில் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.