மூக்குக்குக் கீழே இறங்கும் முகக்கவசம்

பெருந்தொற்று வந்தால் மக்கள் எதையும் கேட்பதில்லை என்று அலுத்துக்கொள்வோம். பார்த்தால், முக்கால்வாசிப் பேர் முகக்கவசத்தோடுதான் வருகிறார்கள். கோட்டை விடுவது சில நொடிகளில்.

பேச வாயெடுத்ததும் கவசத்தைத் தாடைக்கு இறக்குவார்கள். சும்மா மூச்சு விடுவதைவிடப் பேசும்போதும் இருமும்போதும்தான் நீர்த்திவலைகள் அதிகம் தெறிக்கின்றன. அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துவிடுவது போல.

மூக்குக் கம்பியை ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூர்மையாக மடிந்து இருபுறமும் இடுக்கு விழும். இரு கை விரல்களாலும் நடுவிலிருந்து பக்கவாட்டில் அழுத்திக்கொண்டே போக வேண்டும். கண்ணாடி போட்டவர்களுக்குச் சோதனை சுலபம்: கண்ணாடியில் ஆவி படிந்தால் மேலே காற்று கசிகிறது. என்95 வாங்கியும் அடர்ந்த தாடி வைத்திருந்தால் விளிம்பு முகத்தில் ஒட்டாது. என்95 கவசத்தைச் சோப்பில் துவைப்பதும் சானிடைசர் தெளிப்பதும் இன்னொரு தவறு. நுண்துகளை இழுத்துப் பிடிப்பது உள்ளடுக்கில் இருக்கும் நிலைமின்னேற்றம், அது போய்விடும். பார்வைக்குக் கவசம் புதிது போலவே இருக்கும் என்பதுதான் வம்பு.

சானிடைசரில் ஆல்கஹால் 60 சதவீதமாவது இருக்க வேண்டும். உள்ளங்கை நிறைய எடுத்து, தானாகக் காயும்வரை 20 முதல் 30 நொடி தேய்க்க வேண்டும். நடப்பதென்ன? இரண்டு சொட்டு, ஒரு தேய்ப்பு, மிச்சம் சட்டையில். ஒளிரும் திரவத்தைப் பூசித் தேய்க்கச் சொல்லி, புற ஊதா விளக்கில் கையைக் காட்டச் சொன்னால் உள்ளங்கை பளபளக்கும். கட்டைவிரலும் நகக்கண்ணும் இருட்டாகவே கிடக்கும். சாப்பாட்டுக்கும் மூக்குக்கும் போவது அந்த விரல்நுனிகள்தான். கையில் அழுக்கோ பிசுக்கோ இருந்தால் சானிடைசர் உதவாது, சோப்பும் தண்ணீரும்தான்.

தெரியாதவர் அருகில் வந்தால் ஒதுங்குகிறோம். சொந்தக்காரர் வந்தால் கவசம் பைக்குள் போய்விடுகிறது. கோவிட் போன்ற நோயில் அறிகுறி தெரிவதற்கு 2 நாள் முன்பே பிறருக்குத் தொற்றக்கூடும் என்பதால், 'நல்லாத்தானே இருக்கார்' என்ற கணக்கு செல்லாது.

தனிமைப்படுத்தலைப் பலர் மீறுவதை அலட்சியம் என்று மட்டும் சொல்ல மாட்டேன். அன்றாடக் கூலி போய்விடும் என்றால் யாராக இருந்தாலும் இருமலை மறைப்பார்கள், பரிசோதனைக்கும் வர மாட்டார்கள். அறிவுரையோடு கூலிக்கும் சாப்பாட்டுக்கும் வழி சொன்னால்தான் ஆள் வீட்டில் தங்குவார். அப்படித் தங்குபவரின் அறையில் ஜன்னல் திறந்திருக்கட்டும். தட்டை வாசலில் வைத்துவிட்டு நகரும்போது இருவருமே கவசம் போட்டிருக்கட்டும்.