மூச்சுக்காற்றில் தெரியும் வயிற்றுக் கோளாறு

ஏற்காட்டை அடுத்த நாகலூரிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதும் அவருக்கு இரண்டு ஆண்டுகளாக வயிற்று உப்புசமும் இரைச்சலும், சில நாள்களில் பேதியும் இருக்கின்றன. மலையிறங்கிச் சேலத்துக்கு வந்து எண்டோஸ்கோப்பி, ஸ்கேன், இரத்தப் பரிசோதனை எல்லாம் செய்துகொண்டார். ஒன்றிலும் குறை தெரியவில்லை. "ஐயா, உங்களுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்படியானால் எனக்கு வருவது என்ன?" என்று கேட்கிறார்.

எண்டோஸ்கோப்பியும் ஸ்கேனும் குடலின் உருவத்தைக் காட்டுகின்றன. புண், கட்டி, அடைப்பு போன்றவை உருவத்தை மாற்றுவதால் அவற்றில் அகப்பட்டுவிடும். செரிமானமோ ஒரு வேலை. அந்த வேலையில் ஒரு பங்கை மட்டும் செய்யாமல் விடும் குடலும், முழுமையாகச் செய்யும் குடலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, விடாத காய்ச்சல், இரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு ஆகியவற்றில் எது இருந்தாலும் குடல் காசநோய், குடல் அழற்சி, புற்று ஆகியவற்றையே முதலில் தேட வேண்டும். ஜியார்டியா என்னும் ஒட்டுண்ணி, மிகையாகச் சுரக்கும் தைராய்டு, நீரிழிவுக்காக உட்கொள்ளும் மெட்ஃபார்மின் மாத்திரை ஆகியவையும் நீண்டநாள் வயிற்றுப்போக்கைத் தரக்கூடியவை. இவையெல்லாம் இல்லை என்று தெளிந்த பிறகும் தொல்லை தொடர்ந்தால், உணவில் எந்தச் சர்க்கரை செரிக்காமல் போகிறது என்று பார்க்க வேண்டும்.

பாலை எடுத்துக்கொள்வோம். நூறு மில்லி பசும்பாலில் ஏறத்தாழ 4.7 கிராம் லாக்டோஸ் என்னும் பால்சர்க்கரை இருக்கிறது. சிறுகுடலின் உட்சுவரிலுள்ள லாக்டேஸ் நொதி அதை இரண்டாகப் பிளந்தால்தான் அது இரத்தத்தில் சேரும். இந்நொதி பால்குடி மறந்த பிறகு மனிதர்களில் பெரும்பாலோருக்குக் குறைந்துவிடுகிறது. அதை வாழ்நாள் முழுதும் தக்கவைக்கும் மரபணு மாற்றம் வட இந்தியாவைவிடத் தென்னிந்தியாவில் குறைவு. பிளக்கப்படாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்ச் சேர, அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்து வாயுவாக்குகின்றன.

இந்த வாயுவைப் பற்றி நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். நம் உடலின் எந்த உயிரணுவும் ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்குவதில்லை. ஆகவே ஒருவருடைய மூச்சில் ஹைட்ரஜன் இருந்தால், அது அவருக்குள் வாழும் நுண்ணுயிர்கள் தந்ததாகவே இருக்கும். பெருங்குடலில் பிறக்கும் ஹைட்ரஜனில் ஒரு பகுதி குடற்சுவரைக் கடந்து இரத்தத்தில் கலந்து, கல்லீரல் வழியாக இதயத்தின் வலப்பக்கத்தை அடைந்து, நுரையீரலுக்குப் போகிறது. இரத்தத்தில் மிகக் குறைவாகவே கரையும் வாயு என்பதால், அங்கே காற்றைக் கண்டதும் வெளியேறிவிடுகிறது. மனித உடலில் இதன் உற்பத்தியையும் வெளியேற்றத்தையும் அளந்து அமெரிக்க மருத்துவர் மைக்கேல் லெவிட் 1969-இல் கட்டுரை வெளியிட்டார். வயிற்றைத் தொடாமலே, இருட்டான பெருங்குடலில் இந்த நிமிடம் நடப்பதை வாயருகே பிடித்துவிடலாம் என்பதை முதன்முறை படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்றும் தீரவில்லை.

பரிசோதனை எளிது. முந்தின நாள் பயறும் கோதுமையும் விலக்கி, வெறும் அரிசிச் சோறு உண்ண வேண்டும். கோதுமை மாவில் ஒரு பகுதி செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் ஹைட்ரஜனாகும். அரிசி மாவோ ஏறக்குறைய முழுவதும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். காலையில் வெறும் வயிற்றில் மூச்சை அளக்கும் கருவியில் ஒருமுறை ஊதியபின் 25 கிராம் லாக்டோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, மூன்று மணி நேரம் வரை இடைவெளி விட்டு ஊதிக்கொண்டிருக்க வேண்டும். மூச்சிலுள்ள ஹைட்ரஜன் தொடக்க அளவைவிடப் பத்து லட்சத்தில் 20 பங்கு கூடினால் சர்க்கரை செரிக்கவில்லை என்று பொருள். நம்மிடம் எந்த நொதியும் பிளக்க முடியாத லாக்டுலோஸை, அதாவது மலச்சிக்கலுக்குத் தரும் அந்த இனிப்புப் பாகைக் கொடுத்தால், ஹைட்ரஜன் ஏறும் நேரத்தைக் கொண்டு அது பெருங்குடலை எப்போது எட்டியது என்பதையும் கணிக்கலாம்.

சிலர் மூச்சில் ஹைட்ரஜன் ஏறாது. அவர்கள் குடலில் வாழும் வேறொரு நுண்ணுயிர், நான்கு ஹைட்ரஜன் மூலக்கூறுகளை ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறோடு சேர்த்து மீத்தேனாக்கிவிடுகிறது. சாண எரிவாயுக் கலனிலும் இவ்வகை உயிர்களே வேலை செய்கின்றன. ஆதலால் மீத்தேனையும் சேர்த்து அளக்காத கருவி ஏமாற்றிவிடும்.

அளவு கூடியதாலேயே காரணம் கிடைத்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது. லாக்டேஸ் குறைந்த எத்தனையோ பேர் எந்தத் தொல்லையும் இல்லாமல் வாழ்கிறார்கள். ஊதும்போதே வயிற்றில் என்ன நேர்கிறது என்பதையும் எழுதிவர வேண்டும். ஹைட்ரஜன் அளவும் வயிற்று இரைச்சலும் சேர்ந்து ஏறினால்தான் பாலைக் குற்றம் சொல்லலாம்.

வாழப்பாடிப் பக்கம் வாழ்க்கைப்பட்ட என் மூத்த அக்காவுக்கு இதே தொல்லை இருந்தது. ஓரகத்தி சோற்றில் இடுமருந்து வைத்துவிட்டதாக யாரோ சொல்ல, மருந்தெடுப்பவரிடம் அழைத்துப் போனார்கள். அவர் அக்காவின் வயிற்றில் வாய்வைத்து உறிஞ்சி, மயிர்ச்சுருள் ஒன்றைத் துப்பிக் காட்டினார். தோலுக்கு வெளியிலிருந்து உறிஞ்சினால் குடலுக்குள் இருப்பது வெளிவர வழியே கிடையாது. ஆனாலும் ஒரு பாவமும் அறியாத அந்தப் பெண்ணோடு அக்கா ஆறு ஆண்டுகள் பேசவில்லை. பின்னர் மூச்சுப் பரிசோதனையின்போது நான் உடனிருந்தேன். ஒன்றரை மணி நேரத்தில் எண் ஏறத் தொடங்கியது, "இதோ, அதே இரைச்சல்" என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். இடுமருந்து நம்பிக்கையை நான் கடுமையாக எதிர்ப்பது, அது நோயாளியின் பணத்தோடு உறவுகளையும் தின்றுவிடுவதால்தான்.

ஒரு கருவி, சிறிது சர்க்கரை, மூன்று மணி நேரம் ஆகியவையே தேவைப்படும் இப்பரிசோதனை எல்லா அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் கிடைக்க வேண்டும். நம் உணவை வைத்து நம் ஊரில் செய்யும் குடல் ஆய்வுகளுக்கும் பணம் ஒதுக்க வேண்டும். 1960-களில் வட ஆற்காட்டுக் கிராமங்களில் ஸ்ப்ரூ என்னும் செரிமான நோய் கொள்ளையாகப் பரவியபோது, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாதனும் செய்த ஆய்வுகளை உலகமே படித்தது.

நாகலூர் வாசகர் காப்பியை நிறுத்த வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறார். ஐம்பது மில்லி பால் சேர்ந்த காப்பியில் லாக்டோஸ் இரண்டரை கிராம் அளவே இருக்கும். லாக்டேஸ் குறைந்தவர்களிலும் பெரும்பாலோர் ஒரே வேளையில் 12 கிராம் வரை தாங்குவார்கள். ஆகவே காப்பியை நிறுத்த வேண்டாம், இரவில் குடிக்கும் இரண்டு டம்ளர் பாலை முதலில் இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். குறையவில்லையென்றால் ஏற்காட்டுப் பேரிக்காயையும், தட்டுவடை செட்டில் அள்ளிப்போடும் வெங்காயத்தையும் தனித்தனியாக நிறுத்துங்கள். முன்னதிலுள்ள ஃபிரக்டோஸ், சார்பிட்டால் என்னும் இனிப்புப் பொருள்களும், பின்னதிலுள்ள ஃபிரக்டான் என்னும் சர்க்கரைச் சங்கிலியும் இதே வேலையைச் செய்யக்கூடியவை. தொல்லை நின்றதும் நிறுத்தியதை ஒருமுறை திரும்ப உண்டு பார்த்து, மீண்டும் வருகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தயிரும் மோரும் அநேகமாக ஒத்துக்கொள்ளும், ஏனெனில் தயிரிலுள்ள நுண்ணுயிர்கள் தம்முடைய லாக்டேஸையும் கூடவே கொண்டுவருகின்றன.