தசைக்கு நாள்கணக்கு தெரியும்

திண்டுக்கல் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். போன வருடம் ட்ரெட்மில் வாங்கி வீட்டிலேயே நடந்தாராம், சர்க்கரை அசைந்து கொடுக்கவில்லை. இப்போது தெருப் பெண்கள் ஏழு பேரோடு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் நாலு தெருவைச் சுற்றி வருகிறார், வேகம் ஒன்றும் பெரிதாக இல்லை, பேச்சும் சிரிப்பும்தான் ஜாஸ்தி, ஆனால் எட்டுக்கு மேல் இருந்த மூன்று மாத சராசரி சர்க்கரை அளவு (HbA1c) ஏழு சொச்சத்துக்கு இறங்கியிருக்கிறது. "கூட்டமா நடந்தா உடம்புக்குள்ள தனியா ஏதாவது நடக்குமா சார்?" என்று கேட்கிறார்.

நடக்காது. பக்கத்தில் ஏழு பேர் வருகிறார்களா, யாருமே இல்லையா என்பது தொடைத் தசைக்குத் தெரியவே தெரியாது. ஆனால் கடைசியாக எப்போது வேலை செய்தோம் என்பது அதற்குத் துல்லியமாகத் தெரியும்.

ஒரு கணக்கிலிருந்து தொடங்கலாம். நம் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம். டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் சர்க்கரை என்றால் மொத்த ரத்தத்திலும் சேர்த்து 5 கிராம்தான், ஒரு டீஸ்பூன். 200 கிராம் சோறு சாப்பிட்டால் 50 கிராமுக்கு மேல் மாவுச்சத்து உள்ளே போகிறது. டீஸ்பூன் அளவு மட்டுமே இருக்க வேண்டிய இடத்துக்கு, அதைப் போலப் பத்து மடங்கு சரக்கு வந்து இறங்குகிறது. அதை இறக்கிவைக்க உடம்பில் இருக்கிற பெரிய குடோன் தசைதான், அதிலும் தொடையும் புட்டமும்.

இன்சுலின் ஒரு சாவி, அது செல்லின் கதவைத் திறக்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். தப்பில்லை, ஆனால் சுவாரசியமான பாதியை அது விட்டுவிடுகிறது. தசைச் செல் சும்மா இருக்கும்போது சுவரில் கதவுகளே அதிகம் கிடையாது. குளூட்-4 என்கிற அந்தப் புரதக் கதவுகள் செல்லுக்குள்ளே சின்னச் சின்னப் பைகளில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். கல்யாண மண்டபத்தில் நாற்காலிகளை மடக்கிப் பின்னறையில் அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. ஆட்கள் வந்ததும் பெண் வீட்டு மாமா ஒருவர் "டேய், நாற்காலி எடுத்துப் போடுங்கடா" என்று குரல் கொடுப்பார், பையன்கள் ஓடுவார்கள். அந்த மாமாதான் இன்சுலின். பைகள் செல்லின் சுவருக்கு வந்து ஒட்டிக்கொள்ள, கதவுகள் வெளியே தெரிய, சர்க்கரை உள்ளே போகிறது. பந்தி முடிந்ததும் எல்லாம் திரும்பப் பின்னறைக்கு.

டைப் 2 சர்க்கரை நோயில் மாமா தொண்டை கிழியக் கத்துகிறார், பையன்கள் காதில் விழவில்லை. நாற்காலிகள் பத்திரமாகப் பின்னறையிலேயே இருக்கின்றன.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இனிமேல்தான். தசை சுருங்கும்போது உள்ளே கால்சியம் பாய்கிறது, செல்லின் எரிபொருளான ஏடிபி செலவாகிறது, செலவை மோப்பம் பிடிக்கும் ஏஎம்பிகே என்ற நொதி விழித்துக்கொள்கிறது. இவை இன்சுலினிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வேறு வழியாகப் போய் அதே நாற்காலிகளை எடுத்து வந்து போட்டுவிடுகின்றன. சமையல்காரர் பொறுமையிழந்து பின்வாசல் வழியாக வந்து தானே பந்தியைத் தயார் செய்கிற மாதிரி. டைப் 2 உள்ளவர்களிடமும் இந்தப் பின்வாசல் பெரும்பாலும் பழுதில்லாமல் இருக்கிறது. உள்ளே போன சர்க்கரையின் மேல் உடனே ஒரு பாஸ்பேட் முத்திரை குத்தப்படும், அதைக் கழற்றும் நொதி கல்லீரலில் உண்டு, தசையில் கிடையாது. அதனால் தசைக்குள் போன சர்க்கரை சர்க்கரையாக ரத்தத்துக்குத் திரும்பாது.

அப்புறம் நடந்து முடித்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகும், உழைத்த தசைகள் இன்சுலினின் குரலுக்கு வழக்கத்தைவிட நன்றாகக் காது கொடுக்கின்றன. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் உடலியல் ஆய்வாளர் எரிக் ரிக்டரும் கூட்டாளிகளும் 1980களில் இதை அழகாகச் சோதித்தார்கள்: ஒரே ஆளை ஒரு காலால் மட்டும் பயிற்சி செய்யவைத்து, சில மணி நேரம் கழித்து இரண்டு கால்களையும் அளந்தார்கள். உழைத்த கால் கூடுதல் சர்க்கரையை இழுத்தது, சும்மா இருந்த கால் பழையபடியே இருந்தது. ஒரே ரத்தம், ஒரே இன்சுலின்!

இந்த நல்ல காது ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள் நீடிக்கும். அப்புறம் பழைய மந்தம். அதனால்தான் சர்க்கரை மருத்துவர்கள் ஒரு உடற்பயிற்சிக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள் என்கிறார்கள்.

இப்போது வாசகியின் கடிதத்துக்குத் திரும்பினால், விடையை அவரே எழுதியிருக்கிறார். ட்ரெட்மில் இரண்டாவது மாதமே துணி காயப்போடும் ஸ்டாண்டாகிவிட்டதாம். தெருக் கோஷ்டியில் அது முடியாது, எட்டரை மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும், "அக்கா, கிளம்பியாச்சா?" என்று ஒரு குரல் வரும், போகாவிட்டால் மறுநாள் காரணம் சொல்ல வேண்டும். தசையின் ஞாபகம் இரண்டு நாள்தான், கோஷ்டி அந்த இரண்டு நாளைத் தாண்டவிடுவதில்லை. நடைக்குழுக்களைப் பற்றிய 42 ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது, மொத்தம் 1,843 பேர். ரத்த அழுத்தம், உடல் கொழுப்பு, மனச்சோர்வு எல்லாம் குறைந்திருந்தன. என்னைக் கவர்ந்தது அதைவிட இன்னொன்று: சேர்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பாதியில் விடவில்லை. ஜிம் வைத்திருப்பவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள், பெருமூச்சு விடுவார்.

வேகம் இல்லையே என்று அவர் கவலைப்பட வேண்டாம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் மிதமான உழைப்புக்கு எளிய அளவுகோல். ஆனால் ஜவுளிக்கடை வாசலில் நின்று பேசுவது கணக்கில் வராது. நேரமும் அவர்களுக்கு வாய்த்திருக்கிறது. 60 வயது தாண்டியவர்களை வைத்து அமெரிக்க ஆய்வாளர் லோரெட்டா டிபியெட்ரோவின் குழு 2013இல் வெளியிட்ட சின்ன ஆய்வில், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றத்தை, காலையில் ஒரேயடியாக நடந்த 45 நிமிடத்தைவிடச் சாப்பாட்டுக்குப் பின் நடந்த 15 நிமிடம் நன்றாக அடக்கியது. சரக்கு இறங்கும் நேரத்தில் கதவு திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மூட்டுவலிக்காரர்களுக்கு சைக்கிள் தோதானது, உடல் பாரத்தை சீட் வாங்கிக்கொள்ளும், தொடைக்கு முழு வேலை கிடைக்கும். பிளஸ் ஒன்னில் பிள்ளைக்கு அரசு கொடுத்த சைக்கிள் எத்தனை வீட்டு மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து கிடக்கிறது! நாலு பேர் சேர்ந்து அதைத் தட்டி எடுத்து, காற்றடித்து, காலையில் ஊர் எல்லை வரை போய் டீ குடித்துவிட்டு வரலாம்.

எட்டு போட்டு நடப்பதைப் பற்றியும் கேட்டிருக்கிறார். தரையில் 8 வரைந்து தெற்கு வடக்காக 21 நிமிடம் நடந்தால் எல்லா நோயும் போகும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தசைச் செல்லுக்குத் திசை தெரியாது. சித்தர் பெயரைப் போட்டால் எதையும் நம்பிவிடுவது நம் பழக்கம். இருந்தாலும் மொட்டை மாடியில் 8 வரைந்தால்தான் கால் நகரும் என்றால் தாராளமாக வரையுங்கள், எந்தப் பக்கமிருந்தும் தொடங்கலாம்.

2023 நவம்பரில் தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் பாதை அறிவித்தது. நல்ல விஷயம்தான், ஆனால் அங்கே போக எனக்கு பைக் வேண்டும். இரண்டு நாளுக்கொரு முறை நடக்க வேண்டியவருக்கு முதலில் தேவை தெருவிளக்கும், டிரான்ஸ்பார்மரும் காரும் அடைக்காத நடைபாதையும். கோடிகளில் ஒரு பங்கை அங்கே செலவழித்தால் என்ன?

இன்சுலின் ஊசியோ, கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு நடங்கள், சர்க்கரை சட்டென்று தாழ்ந்துவிடலாம். என்னோடு நடக்கும் பெரியவர் ஒருவர் சட்டைப்பையில் எப்போதும் குளுக்கோஸ் பாக்கெட் வைத்திருப்பார். ஒரு நாள் பாலத்தடியில் அவருக்குக் கை நடுங்கி வியர்த்தபோது அதுதான் காப்பாற்றியது.

கடிதத்தின் கடைசி வரி: "வெள்ளிக்கிழமை நாலு பேரு கோயிலுக்குப் போயிடறாங்க, சனிக்கிழமை ஊருக்குக் கிளம்பிடறாங்க, ரெண்டு நாளும் லீவு விட்டுடலாமா?" ஒரு நாள் விடலாம் அம்மா. வெள்ளிக்கிழமை எல்லோருமாகக் கோயிலுக்கு நடந்தே போய்விடுங்கள், ஆட்டோ வேண்டாம், பிரகாரத்தையும் நாலு சுற்று கூடுதலாகச் சுற்றுங்கள். சனிக்கிழமை லீவு.