பஸ்ஸை விலை பேசும் முன் பர்மிட்டைப் படியுங்கள்

பழைய பஸ் ஒன்றை விலை பேசி, அட்வான்ஸும் கொடுத்துவிட்டுத்தான் பலர் என்னைப் போன்றவர்களைத் தேடி வருகிறார்கள். "சார், வண்டி நல்ல வண்டி, ரூட்டும் நல்ல ரூட். பர்மிட்ல பேரு மட்டும் மாத்திக் கொடுத்துட்டீங்கன்னா போதும்" என்பார்கள். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, இன்ஜின் சத்தத்தைக் கேட்டு, டயரைத் தட்டிப் பார்த்து, ரெண்டு நாள் கூடவே போய் கலெக்ஷனையும் எண்ணிப் பார்த்திருப்பார்கள். பர்மிட்டை மட்டும் செல்போனில் வந்த போட்டோவாகப் பார்த்திருப்பார்கள், அதுவும் முதல் பக்கத்தை மட்டும்.

பஸ் பர்மிட் வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞன் நான். சிறிய முதலாளிகள் கையைச் சுட்டுக்கொள்வது பெரும்பாலும் அந்தப் பார்க்காத பக்கங்களில்தான்.

ஊர் ஊராக நின்று ஆள் ஏற்றி இறக்கும் பஸ்ஸுக்கு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி ஸ்டேஜ் கேரேஜ் பர்மிட் வேண்டும். கட்டணத்தை முதலாளி தீர்மானிக்க முடியாது, அரசுதான் தீர்மானிக்கும். எங்கிருந்து எங்கே, எந்த வழியாக, ஒரு நாளைக்கு எத்தனை சிங்கிள் (ஒருவழி டிரிப்), எத்தனை மணிக்கு எங்கே கிளம்ப வேண்டும் என்பதெல்லாம் பர்மிட்டிலும் அதோடு சேர்ந்த டைமிங் ஷீட்டிலும் இருக்கும். நீங்கள் காசு கொடுத்து வாங்குவது உண்மையில் இந்த டைமிங்கைத்தான். தகரத்துக்கும் டயருக்கும் அவ்வளவு விலை கிடையாது.

காலை 8.10-க்குக் கிளம்பும் டிரிப்பும் 8.40-க்குக் கிளம்பும் டிரிப்பும் ஒரே ரூட்டாக இருந்தாலும் வேறு வேறு வியாபாரம். முதலாவதில் பள்ளிக்கூடம், கல்லூரி, வேலைக்குப் போகிறவர்கள் என்று படிக்கட்டு வரை கூட்டம். இரண்டாவதில் பாதி சீட் காலி. ஒருமுறை விற்பனைக்கு வந்த ஒரு வண்டியின் டைமிங் ஷீட்டை எடுத்து வைத்துப் பார்த்தபோது, அதில் இருந்தது 8.35. ஆனால் விற்பவர் ரொம்ப நாளாக 8.15-க்கே எடுத்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்துக்குரிய வண்டி ஒர்க் ஷாப்பில் கிடந்ததால் யாரும் கேட்கவில்லை. வாங்க வந்தவர் ரெண்டு நாள் எண்ணிப் பார்த்த கலெக்ஷன் வேறொருவருடைய டைமிங்கில் வந்த பணம். அந்த வண்டி ரிப்பேர் முடிந்து ஸ்டாண்டுக்குத் திரும்பிய மறுநாளே கணக்கு மாறிவிடும். அவர் அட்வான்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டார். எல்லாருக்கும் அப்படி வாய்ப்பதில்லை.

அடுத்தது பெயர் மாற்றம். வீடு, நிலம் போல பர்மிட்டை எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ள முடியாது. சட்டத்தின் 82-ஆவது பிரிவின்படி, பர்மிட் கொடுத்த அதிகாரியின் அனுமதி இல்லாமல் அது இன்னொருவர் கைக்குப் போகாது. ஆனால் நடைமுறையில் என்ன செய்கிறார்கள்? நூறு ரூபாய்ப் பத்திரத்தில் ஒரு ஒப்பந்தம் எழுதி, பர்மிட்டை 'லீஸுக்கு' வாங்கி, பழைய பெயரிலேயே ஓட்டுகிறார்கள். வரியும் எஃப்.சி.யும் (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) இன்சூரன்ஸும் பழையவர் பெயரில், டீசலும் டிரைவர் பேட்டாவும் புதியவர் கையிலிருந்து. எல்லாம் சுமுகமாகப் போகும்வரை இதில் யாருக்கும் சங்கடம் இல்லை. பழையவர் இறந்துபோனாலோ, அவருடைய பிள்ளைகளுக்குள் பாகப்பிரிவினைத் தகராறு வந்தாலோ, வண்டி விபத்தில் மாட்டினாலோ அந்தப் பத்திரத்தால் பர்மிட்டைக் காப்பாற்ற முடியாது.

பர்மிட்தாரர் இறந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. வண்டி யார் கைக்கு வருகிறதோ அவர், இறந்த 30 நாளுக்குள், பர்மிட் கொடுத்த அலுவலகத்துக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்: இன்னார் இறந்துவிட்டார், வண்டியை நான் தொடர்ந்து ஓட்டப்போகிறேன் என்று. அப்படித் தெரிவித்தால் மூன்று மாதம் வரை அந்தப் பர்மிட்டிலேயே ஓட்டலாம். அந்த மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்ற விண்ணப்பமும் போட்டுவிட வேண்டும். தக்க காரணம் இருந்தால் தாமதத்தை அதிகாரி மன்னிக்கலாம்தான், ஆனால் அது அவர் மனது.

அடையாளம் தெரியாதபடி மாற்றி ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். ஒரு அம்மா, கணவர் இறந்து காரியமெல்லாம் முடிந்து, மாதங்கள் கழித்து வந்தார். கையில் பிளாஸ்டிக் ஃபைல். அதில் ஆர்.சி., வரி கட்டிய ரசீதுகள், எஃப்.சி. எல்லாம் வரிசையாக இருந்தன. எதிலும் ஒரு நாள் பாக்கி இல்லை, அவ்வளவு சுத்தம். இறப்பைத் தெரிவித்த கடிதம் மட்டும் இல்லை. "கண்டக்டர் தம்பிதான் எல்லாம் பார்த்துக்குது, வண்டி ஒரு நாள்கூட நிக்கல" என்றார். நிற்காமல் ஓடியதுதான் சிக்கலே. இடையில் பர்மிட்டின் ஐந்து வருடமும் முடிந்திருந்தது. புதுப்பிக்கும் விண்ணப்பத்தை முடியும் தேதிக்கு 15 நாள் முன்னதாகப் போட்டிருக்க வேண்டும். போடவேண்டியவர் இல்லை, போடலாம் என்று தெரிந்தவரும் இல்லை. அதற்குள் பைக்கில் வந்த ஒருவர் மேல் வண்டி உரசிவிட்டது.

பர்மிட் இல்லாமல் ஓட்டியதற்கு 192-ஏ பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, அபராதம் 10,000 ரூபாய், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. அதைவிடப் பெரிய அடி இன்சூரன்ஸில். பர்மிட் இல்லாமல் ஓடியது சாதாரண விதிமீறல் அல்ல, அடிப்படையான மீறல் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படிப்பட்ட வழக்கில், இன்சூரன்ஸ் கம்பெனி காயம்பட்டவருக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளலாம். பிரீமியம் ஒழுங்காகக் கட்டியிருந்தும் நஷ்டஈடு நம் தலையில் விழும்.

சரி, அரசு உதவி ஏதாவது கிடைக்குமா? இதையும் அடிக்கடி கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் பெண்களுக்கு அரசு டவுன் பஸ்ஸில் இலவசப் பயணம் 2021 மே மாதம் தொடங்கியது. அதற்கான தொகையை அரசு தன் போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடுகட்டுகிறது. 2025-26 பட்ஜெட்டில் இதற்கு மட்டும் 3,600 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். மாணவர் பாஸுக்கும் டீசலுக்கும் தனித்தனியே மானியம் உண்டு. எல்லாம் அரசுக் கழகங்களுக்குத்தான். அதே ரோட்டில் ஓடும் தனியார் டவுன் பஸ்ஸுக்கு இதில் ஒரு பைசா வராது, மாறாகப் பெண் பயணிகள் முன்னால் நிற்கும் அரசு பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். திட்டம் நல்ல திட்டம். கூலி வேலைக்குப் போகும் பெண்களிடம் கேட்டால் தெரியும். ஆனால் டவுன் ரூட்டில் பர்மிட் வாங்கப்போகிறவர், 2021-க்கு முந்தைய கலெக்ஷன் நோட்டைக் காட்டி விலை சொன்னால் மயங்க வேண்டாம். கட்டணமும் 2018 ஜனவரியில் உயர்ந்து, சில நாளிலேயே கொஞ்சம் குறைக்கப்பட்டது. அதற்குப் பிறகு டீசல் எங்கே போய் நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

தனியாருக்கு அரசு திறந்துவிட்ட வாசல் மினிபஸ்தான். தமிழ்நாட்டில் பெரும்பாலான தடங்கள் நாட்டுடைமைத் திட்டத்துக்குள், அதாவது அரசு பஸ்ஸுக்கென ஒதுக்கப்பட்டு, இருப்பதால், புதிதாகப் பெரிய பஸ் பர்மிட் தனியாருக்குக் கிடைப்பது அபூர்வம். 1997-இல் மினிபஸ் திட்டம் வந்தது. அதை மாற்றியமைத்த புதிய திட்டம் 2025 ஜூனில் ஓடத் தொடங்கியது. தடம் 25 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், அதில் பெரும்பகுதி பஸ் போகாத பாதையாக இருக்க வேண்டும். எல்லாருக்கும் கண் அந்த மீதிப் பகுதி மேல்தான், பஸ் ஸ்டாண்டும் ஆஸ்பத்திரியும் அங்கேதானே இருக்கின்றன. ஸ்டாண்ட் பக்கம் மட்டும் ரெண்டு டிரிப் கூடுதலாக அடித்துவிட்டு, கிராமத்துப் பக்கம் கடைசி டிரிப்பைக் கட் செய்வது பழைய பழக்கம். அது பர்மிட் நிபந்தனை மீறல். 86-ஆவது பிரிவில் பர்மிட்டை நிறுத்தி வைக்கவோ ரத்து செய்யவோ முடியும். ராத்திரி ஏழு மணி டிரிப் வரவில்லை என்று ஊர்க்காரர்கள் தேதி வாரியாக எழுதிக் கொடுத்த ஒரு நோட்டுப் புத்தகம், விசாரணையில் எந்த வாதத்தையும்விட அதிக வேலை செய்ததைப் பார்த்திருக்கிறேன்.

பயணிகளுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பர்மிட்தாரரின் பெயரும் முகவரியும் பஸ்ஸின் இரண்டு பக்கமும் பளிச்சென்று எழுதியிருக்க வேண்டும் என்பது சட்டம். புகார் எழுதும்போது வண்டி எண்ணோடு அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊருக்கு மினிபஸ் வேண்டுமென்றால் "பஸ் வசதி செய்து தர வேண்டும்" என்று ஒரு வரி மனு கொடுத்தால் அது ஃபைலில்தான் கிடக்கும். எந்த ஊரில் தொடங்கி எந்தெந்த ஊர் வழியாக எங்கே முடிய வேண்டும், மொத்தம் எத்தனை கிலோமீட்டர், அதில் எத்தனை கிலோமீட்டரில் இப்போது எந்த பஸ்ஸும் போவதில்லை, பள்ளிக்கூடம் எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். கிராம சபைத் தீர்மானத்தை இணையுங்கள். ரோடு பஸ் போகும் அளவுக்கு இருக்கிறதா, பாலத்தில் வண்டி திரும்புமா என்பதையும் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) வந்து பார்க்கும்போது முதலில் அதைத்தான் கேட்பார். மனுவை மாவட்ட ஆட்சியரிடமும் ஒரு நகலை ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் கொடுத்து, இரண்டு இடத்திலும் முத்திரை போட்ட ரசீதை வாங்கி வையுங்கள்.