ஜிஐஎஸ் ஆய்வுப் பணிக்கு வருபவர்களுக்கு: மென்பொருள் தெரிந்தால் மட்டும் போதாது

ஜிஐஎஸ்ஸில் (புவியியல் தகவல் அமைப்பு) முனைவர் பட்டத்துக்கு வருபவர்களில் பலர் மென்பொருளை நன்றாகவே கையாள்கிறார்கள். வாய்மொழித் தேர்வில் அவர்களைத் திணறடிப்பது எளிய கேள்வி ஒன்று: "இந்தப் பரப்பளவை எந்த ப்ரொஜெக்ஷனில் கணக்கிட்டீர்கள்?" ப்ரொஜெக்ஷன் என்பது உருண்டையான பூமியைத் தட்டையான வரைபடமாக்கும் முறை.

இணைய வரைபடங்களில் வழக்கமாக இருக்கும் வெப் மெர்கேட்டர் ப்ரொஜெக்ஷனில் 60 பாகை அட்சரேகையில் நீளம் ஏறத்தாழ 2 மடங்காகவும் பரப்பு 4 மடங்காகவும் வீங்கும். 30 பாகையிலேயே பரப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். எனவே பரப்பு வேண்டுமென்றால் சமபரப்பு ப்ரொஜெக்ஷனுக்கு மாற்றுங்கள், அல்லது நீள்வட்டக் கோளத்தின் மீது கணக்கிடுங்கள். இன்னொரு குழப்பமும் அடிக்கடி நேர்கிறது. ஓர் அடுக்குக்கு (வரைபடத்தின் ஒரு தரவுத் தொகுதிக்கு) ப்ரொஜெக்ஷனை 'ஒதுக்குவது' பெயர்ச்சீட்டை மட்டுமே மாற்றும். 'மறுப்ரொஜெக்ஷன்' செய்தால்தான் ஆயத்தொலைவுகள் மாறும். தவறு பெரிதாக இருந்தால் அடுக்கு கடலுக்குள் போய் விழும், உடனே தெரியும். டேட்டம் (ஆயத்தொலைவுகளுக்கு அடிப்படையான பூமி வடிவக் குறிப்புச் சட்டகம்) மாறியதால் வரும் நூறு, இருநூறு மீட்டர் விலகல்தான் ஆபத்து. யார் கண்ணிலும் படாமல் முடிவுவரை வந்துவிடும்.

இயந்திரக் கற்றல் வந்தபின் இதைவிடப் பெரிய சிக்கல், கற்ற மாடலின் துல்லியத்தைச் சரிபார்ப்பதில் இருக்கிறது. அருகிலிருப்பவை தொலைவிலிருப்பவற்றைவிட அதிகம் தொடர்புடையவை என்று புவியியலாளர் வால்டோ டோப்ளர் 1970-ல் எழுதினார். மாதிரிப் புள்ளிகளைக் குலுக்கி, பயிற்சிக்கு 70, சோதனைக்கு 30 என்று பிரித்தால், சோதனைப் புள்ளி ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே ஒரு பயிற்சிப் புள்ளி இருக்கும். மாடல் பக்கத்து விடையைப் பார்த்தே எழுதிவிடும், துல்லியம் பொய்யாக உயரும். முதலில் வேரியோகிராம் (தூரம் கூடக் கூட மதிப்புகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று காட்டும் வரைபு) போட்டு, தன்தொடர்பு, அதாவது அருகிலிருப்பவற்றின் ஒற்றுமை, எவ்வளவு தூரம் நீள்கிறது என்று பாருங்கள். அதைவிடப் பெரிய கட்டங்களாக நிலத்தைப் பிரித்து, முழுக் கட்டங்களையே சோதனைக்கு ஒதுக்குங்கள். துல்லிய எண் குறையும், குறைந்த அந்த எண்ணைத்தான் வெளியிட வேண்டும்.

ஒட்டுமொத்தத் துல்லியத்தை மட்டும் சொல்வதும் போதாது. சதுப்பு நிலம் பரப்பில் 2% என்றால், சதுப்பே இல்லை என்று சொல்லும் வரைபடமும் 98% சரிதான். எந்த வகை எதுவாகத் தவறாக வகைப்பட்டது என்று காட்டும் பிழை அணியைக் கொடுங்கள். பிக்சல்களை எண்ணிப் பரப்பு சொல்லாமல், ஒவ்வொரு வகையிலும் குலுக்கலாக எடுத்துச் சரிபார்த்த மாதிரிப் புள்ளிகளால் திருத்திய பரப்பை நம்பக எல்லைகளோடு எழுதுங்கள். நிர்வாக எல்லைகள் சார்ந்த ஆய்வானால் மாவட்டம், வட்டம் போலக் குறைந்தது இரண்டு வேறு அளவிலான நிர்வாக அலகுகளில் திருப்பிச் செய்து பாருங்கள். எல்லைகளை மாற்றினாலே மாறிகளுக்கு இடையிலான தொடர்பு மாறுவதுண்டு.

கோப்புகளைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று: ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வடிவம் பத்து எழுத்துக்கு மேற்பட்ட களப்பெயரை (அட்டவணையின் நெடுவரிசைப் பெயரை) வெட்டிவிடும், ஜியோபேக்கேஜ் என்ற புதிய வடிவத்துக்கு மாறிவிடுங்கள்.

பணிவாழ்வில் கவனிக்க வேண்டியது வேறு. சூழலியல், பொதுச் சுகாதாரம், நகரத் திட்டம் என எல்லாத் துறையினரும் வரைபடம் கேட்டு வருவார்கள். போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தால் கட்டுரைப் பட்டியல் நீளும். ஆனால் எதிலும் ஆய்வுக் கேள்வி உங்களுடையதாக இருக்காது. உதவிப் பேராசிரியர் பணித் தேர்வில் அது உடனே தெரிந்துவிடும். புவியியலாளர் மைக்கேல் குட்சைல்ட் 1992-ல் புவியியல் தகவல் 'அறிவியல்' என்று வாதிட்டதன் சாரமே, இத்துறைக்குச் சொந்தக் கேள்விகள் உண்டு என்பதுதான்: நிச்சயமின்மை, அளவு, இடஞ்சார்ந்த சார்பு. கூட்டாய்வில் சேரும் முன்பே ஆசிரியர் வரிசையைப் பேசி முடியுங்கள், முறையியல் பகுதியை நீங்களே எழுதுங்கள், நிரலையும் தரவையும் டிஓஐ எண்ணோடு (நிலையான இணைய அடையாள எண்) களஞ்சியத்தில் இடுங்கள். விண்ணப்பத்தின் முதல் பத்தியில் மென்பொருள் பட்டியல் வேண்டாம். எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறீர்கள், அதற்கு இடம் ஏன் முக்கியம் என்று அங்கே எழுதுங்கள்.